பிரமநாயகத்தின் தொண்ணூற்றாறு

வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. செருப்பு அங்ஙனயே கெடக்கட்டும். குரூப்புல சேரணும்னுதானே வந்திருக்கீய? கையில அந்தச் சீட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுட்டு. டாக்டரம்மா கிளினிக்குல போர்டை இன்னும் மாத்தல போல. 'சர்க்கரை நோயாளிகள் வாட்ஸ்அப் குழுவில் சேர விரும்புவோர் அணுகவும்: அட்மின் பிரமநாயகம், மூன்றாவது தெரு.' அந்தப் பிரமநாயகம் நான்தான். ஆனா இப்ப அட்மின் நான் இல்ல.

எந்திரிக்காதீய, எந்திரிக்காதீய. உக்காருங்க. இப்ப அட்மின் யாருன்னு சொல்லாமலா அனுப்பப் போறேன்? போஸ்ட்மாஸ்டர் சங்கரபாகம். ரிட்டயர்டு. தபாலை ஒழுங்கா ஊருக்குக் குடுக்கத் தெரியாத மனுசன் கையில அறுபத்து மூணு பேரோட சுகரைக் குடுத்திருக்கு. காலம் கலி முத்திட்டுங்கறது இதுதான். சரி, அது கெடக்கட்டும். உங்க பேரு என்ன சொன்னீய? தவசிக்கனி. பஜார்ல பாத்திரக்கடை. சுகர் வந்து எத்தனை நாளாச்சு? மூணு நாளா! பச்சைப் புள்ளைலா நீங்க. மூஞ்சியைப் பாரு, யாரோ செத்துப்போன மாதிரி. ஒண்ணும் பயப்படாதீய. ஒரு அனுபவஸ்தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கீய.

மின்சார வாரியத்துல முப்பத்திநாலு வருஷம் சர்வீஸ் அண்ணாச்சி. லைன் இன்ஸ்பெக்டரா வெளிய வந்தேன். ஒழுங்குன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனாலதான் டாக்டரம்மா குரூப் ஆரம்பிச்சப்ப, 'ஐயா, நீங்களே அட்மினா இருங்க'ன்னு சொன்னாவ. டாக்டர் பொன்மலர். தங்கமான மனுசி. நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்லணும்னா ஒரு நாள் பூரா இருக்கு, அது வேற.

முந்தியெல்லாம் எப்படின்னா, மாசம் ஒருக்கா கிளினிக்குக்குப் போவோம். நானும் எம் பொஞ்சாதி உலகம்மாளும். டாக்டரம்மா கேள்வியை என்னைப் பாத்துக் கேப்பாவ, பதிலை அவ சொல்லுவா. 'தினமும் நடக்கீங்களா?' 'எங்க டாக்டர், கட்டில்ல இருந்து டிவி வரைக்கும் நடக்காரு.' 'இனிப்பு?' 'நேத்து மூணு துண்டு அல்வா. நான் குளிக்கப் போன நேரம் பாத்து.' கோர்ட்டுல கட்டுன பொஞ்சாதியே எதிர்ச்சாட்சி சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருக்கும் எனக்கு. கடைசியில டாக்டரம்மா, 'இவ்வளவு தூரம் வந்துட்டீங்கல்லா, நீங்களும் கையை நீட்டுங்க'ன்னு அவளுக்கும் பிரஷர் பாத்து, கண்ணை இழுத்துப் பாத்து, தூங்குதியா, சாப்பிடுதியான்னு நாலு வார்த்தை பேசி அனுப்புவாவ. அவளுக்கு அதுல ஒரு சந்தோஷம். திரும்பி வரும்போது தெருவுல சிரிச்சுக்கிட்டே வருவா. எனக்கு வயிறு எரியும்.

அப்பதான் குரூப் வந்துச்சு. 'இனிமே சும்மா சும்மா வர வேண்டாம், வீட்டுலயே மிஷின்ல பாத்து, வெறும் வயித்துல என்ன எண்ணு வந்துச்சோ அதைப் போட்டோ எடுத்துப் போடுங்க, நான் பாத்து மருந்து சொல்லுதேன்'ன்னாவ. ஏ யப்பா, குலசாமியே எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு. குரூப்புல பொஞ்சாதி கிடையாதுல்லா?

நான் மூணு சட்டம் போட்டேன். சொல்லுதேன், கேளுங்க. காலையில ஆறுல இருந்து ஆறரைக்குள்ள போட்டோ வந்துரணும். ஆறு முப்பத்தொண்ணுக்கு வந்தா அது நேத்துச் சோறு. ரெண்டாவது, மிஷினுக்குப் பக்கத்துல அன்னைக்குக் கிழிச்ச காலண்டர்த் தாளை வச்சுத்தான் எடுக்கணும். எதுக்குங்கீயளா? போஸ்ட்மாஸ்டர் ஒரே நூத்திப் பதினெட்டை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் போட்டாரு. நான் கண்டுபுடிச்சேன். மிஷின் மேல ஒரு எறும்பு. ஏழு நாளும் அதே எறும்பு, அதே எடத்துல நிக்கி. கேட்டதுக்கு அவரு வீட்டு எறும்பு அப்படித்தான்னாரு. அதுக்கப்புறம்தான் காலண்டர்ச் சட்டம். மூணாவது சட்டம்தான் முக்கியம். கதை கூடாது. எண்ணு மட்டும். கால் எரியுது, கண்ணு மங்குது, மருமக சோறு போடல, இதெல்லாம் எழுதுனா டாக்டரம்மா எப்ப படிக்க, எப்ப குளிக்க? எண்ணு போடு, போ. அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. காலையில காப்பி குடிக்க நேரத்துக்குள்ள அறுபத்து மூணு பேரையும் பாத்து முடிச்சுருவாவ. நல்ல எண்ணுன்னா கட்டைவிரல் படம் ஒண்ணு. மோசமான எண்ணுன்னா 'மாத்திரை ஒன்று கூட்டவும்.' ஏழு மணிக்கு நம்ம சோலி முடிஞ்சுரும்.

இப்பதான் விஷயத்துக்கு வாரேன்.

முதல் நாள் காலையில அஞ்சே முக்காலுக்கு எந்திரிச்சு, பல்லு வெளக்கி, திருநீறு பூசி, உக்காந்து விரலைக் குத்துனேன். எண்ணு என்ன வந்துச்சு தெரியுமா? இருநூத்தி எண்பத்தாறு. நான் அட்மின். சட்டம் போட்டவன். போஸ்ட்மாஸ்டரோ அஞ்சு அம்பத்தொம்பதுக்கே நூத்திப் பதினெட்டைப் போட்டுட்டு, கீழ கைகூப்பு ஒண்ணும் போட்டு வச்சிருக்காரு. நான் இருநூத்தி எண்பத்தாறை எப்படிப் போட? நீங்களே சொல்லுங்க. நாலு பேரு மதிப்பானா?

மிஷின் கோளாறுன்னு நினைச்சேன். உலகம்மா அந்தப் பக்கமா தோசைக்கு மாவு எடுக்கப் போனா. 'ஏட்டி, இங்க வா, கையைக் காட்டு'ன்னேன். மிஷினைச் சோதிக்கத்தான் அண்ணாச்சி, சத்தியமா வேற நினைப்பே கிடையாது. அவ மாவுக் கையைக் கழுவிட்டு வந்து நீட்டுனா. குத்துனேன். தொண்ணூத்தாறு. அடேயப்பா! அப்படியொரு எண்ணை நான் வாழ்க்கையில பாத்ததில்ல. மிஷின்ல எண்ணு நிக்கி. போன் கையில இருக்கு. மணி ஆறு இருபத்தெட்டு. போட்டுட்டேன்.

நாப்பத்தியேழு பேரு கை தட்டுனாவ. டாக்டரம்மா கட்டைவிரல் போட்டதோட நிக்காம, 'அருமை ஐயா! எல்லாரும் ஐயாவைப் பின்பற்றுங்கள்'ன்னு எழுதுனாவ. போஸ்ட்மாஸ்டர் தன் கைகூப்பை அழிச்சுட்டாரு. அன்னைக்கு நான் ரெண்டு தோசை கூடத் தின்னேன்.

ஒரு நாள் போட்டாச்சுன்னா மறுநாளும் போடணும்லா? திடீர்னு தொண்ணூத்தாறுல இருந்து இருநூத்தி எண்பதுக்குப் போனா, ஆளு செத்துட்டான்னுல்லா நினைப்பாவ. அப்படியே ரெண்டு வருஷம் ஓடிட்டு. எழுநூறு நாளுக்கு மேல வரும். ஒரு நாளு கூட நான் லீவு போட்டதில்ல. உலகம்மாளும் போட்டதில்லன்னு வைங்க. வாயே பேச மாட்டா. அவ ரவிக்கைக்குக் கொக்கி தைச்சுக் குடுக்க வேலை பாக்கா, விரல் நுனி வேணும். அதனால மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் எனக்குன்னு ஒதுக்கிக் குடுத்திருந்தா. வீட்டுக்கொரு ஒழுங்கு வேணும்லா.

அதுல ஒரே ஒரு சின்னச் சிக்கல். எண்ணு நல்லா இருக்குன்னு டாக்டரம்மா மாத்திரையைக் கொறைச்சிட்டாவ. ரெண்டு ஒண்ணாச்சு, ஒண்ணு அரையாச்சு. எனக்குக் காலெல்லாம் எரியுது, கண்ணுல பூச்சி பறக்கு. 'டாக்டர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்க'ன்னு உலகம்மா சொன்னா. நல்ல கதையா இருக்கே! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாச்சு, இனிமே தோண்டி எடுத்தா சோறும் போயிரும், பூசணிக்காயும் போயிரும். வயசானா கால் எரியத்தான் செய்யும்னு இருந்துட்டேன்.

அப்புறம்தான் அவ காலை வாருனா.

ஆமா அண்ணாச்சி, எம் பொஞ்சாதியைத்தான் சொல்லுதேன். நம்பி இருந்தேன்லா? எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாளு நூத்தி எட்டு. சரி, போகட்டும்னு விட்டேன். அடுத்த வாரம் நூத்தி இருபத்தாறு. போஸ்ட்மாஸ்டர் உடனே ஒரு யோசனை பண்ணுத மூஞ்சிப் படம் போடுதாரு. நூத்தி அம்பது. 'ஏட்டி, என்னத்தட்டி திங்க நீ?'ன்னேன். 'நீங்க மிச்சம் வைக்கதைத்தான் திங்கேன்'ங்கா. நான் என்னைக்கு மிச்சம் வச்சேன்?

விட முடியுமா? என் மானம்லா அது! அவளுக்குப் பத்தியம் போட்டேன். காலையில வெந்தயத் தண்ணி, மத்தியானம் பாவக்காய், ராத்திரி கேப்பைக் கூழு. நான் பக்கத்துல உக்காந்து வெல்லம் போட்ட முந்திரிக்கொத்து தின்னுக்கிட்டே, அவ அதைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன். அவ்வளவு கவனிச்சேன் அவளை. சாயந்தரம் குளத்தங்கரை வரைக்கும் நடக்கச் சொன்னேன். மழையானாலும் நடந்தா. என் சுகருக்காகத் தெரு முழுக்க அவதான் நடந்தா. தெருவுல இருக்கவ கேட்டிருக்கா, 'மதினி, என்ன தினமும் இப்படி வேர்க்க விறுவிறுக்க?' இவ சொல்லியிருக்கா, 'அவங்களுக்குச் சுகர் கூடிட்டு, அதான் நடக்கேன்'ன்னு. சிரிக்காதீய அண்ணாச்சி. அவ நெசத்தைத்தானே சொன்னா?

ஆனா எண்ணு எறங்குனாத்தானே! இருநூறு. இருநூத்தி நாப்பது. இங்கதான் ஒரு அதிசயம் கேட்டுக்கிடுங்க. எண்ணு ஏற ஏற டாக்டரம்மா எனக்கு மாத்திரையைக் கூட்டுதாவ. நான் முழுங்குதேன். என் கால் எரிச்சல் நின்னுட்டு! கண்ணு பளிச்சுன்னு தெரியுது! அவ உடம்புல எண்ணு ஏறுது, என் உடம்பு தேறுது. பதிவிரதைன்னு சொல்லுவாவள்லா, நான் கதைன்னு நினைச்சேன். ஒரு நாளு மட்டும் ரேஷன் கடை வரிசையில சட்டையெல்லாம் நனைஞ்சு, கை காலு நடுங்கி, அப்படியே உக்காந்துட்டேன். யாரோ வெல்லக்கட்டியை வாயில போட்டாவ, சரியாயிட்டு. குரூப்புல எழுதலாமான்னு பாத்தேன். கதை கூடாதுன்னு சட்டம் போட்டவனே எழுதலாமா? விட்டுட்டேன்.

அவளும் மெலிஞ்சா. நல்ல கட்டையான உடம்பு, சாரைப்பாம்பு மாதிரி ஆயிட்டா. நடந்ததுக்குப் பலன்னு நினைச்சேன். தண்ணி குடிச்சா பாருங்க, குடம் குடமா. 'உனக்குத் தனியா ஒரு மோட்டாரு போடணும் போலயே'ன்னு கேலி பண்ணுவேன். அவ சிரிப்பா. நடக்கும்போது உடைமுள்ளு ஒண்ணு கால்ல ஏறிட்டு. ஆறவே இல்ல. மஞ்சளை அரைச்சுப் போட்டுக்கிட்டே இருந்தா. ஒரு நாளு கேட்டா, 'என்னங்க, டாக்டரம்மாகிட்ட என் காலைப் பத்தி ஒரு வார்த்தை போடுதீங்களா?' நான் சொன்னேன், 'நீ குரூப்புல இல்லையேம்மா.' சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? நம்ம வீட்டு ஆளுன்னு தளர்த்துனா மத்தவன் கேப்பான்லா?

ஒரு செவ்வாக்கிழமை நானூத்திப் பன்னெண்டு வந்துச்சு.

போடாம விட்டுரலாமான்னு பாத்தேன். ஆனா போட்டேன். போடாம இருக்கறது ஒழுங்கில்ல.  ரெண்டே நிமிஷம்தான், டாக்டரம்மா வீடியோ கால்ல வந்துட்டாவ. ரெண்டு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் அவங்க மூஞ்சியைப் பாக்கேன்.

'ஐயா, மயக்கம் வருதா?' 'இல்லியே டாக்டர்.' 'தாகம்?' 'எனக்கா? கிடையவே கிடையாது.' 'ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கீங்க?' 'அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதேன்.' அவங்க என்னையே உத்துப் பாக்காவ. 'நானூத்திப் பன்னெண்டு உள்ள ஆளு இப்படிப் பேச முடியாதே ஐயா. சரி, விரலைக் காட்டுங்க. பத்தையும்.'

காட்டுனேன். போனை நிமித்தி வச்சு, பத்து விரலையும் விரிச்சுக் காட்டுனேன். 'ரெண்டு வருஷமா தினமும் குத்துன விரலா இது? ஒரு புள்ளி கூட இல்லையே.' நான் விரலை மடக்கிக்கிட்டேன். 'யார் விரல் ஐயா அது?'

அண்ணாச்சி, ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்ச எடத்துல நின்னு மேலதிகாரிக்குப் பதில் சொன்னவன் நான். அன்னைக்குப் போனை அணைக்கத்தான் பட்டனைத் தேடுனேன். பின்னால இருந்து உலகம்மா நொண்டிக்கிட்டே வந்தா. முந்தானையில கையைத் தொடச்சா. என் தோளுக்கு மேல ரெண்டு கையையும் போனுக்கு நேரா நீட்டுனா. 'இதுதான் டாக்டர்'ன்னா.

டாக்டரம்மா போன் பக்கமாக் குனிஞ்சு அந்த விரலுகளைப் பாத்தாவ.  பொறவு குரலே மாறிட்டு. 'உலகம்மா, தாகம் எடுக்குதா?' 'எடுக்கு டாக்டர்.' 'எத்தனை நாளா?' 'ஆறு மாசமா.' 'கால்ல என்ன கட்டு?' 'முள்ளு குத்திச்சு. ஆறல.' 'ஏம்மா, என்கிட்ட சொல்லக்கூடாதா?' இவ என்ன சொன்னாங்கீய? 'எங்க சொல்ல டாக்டர்? அங்க எண்ணு மட்டும்தான் போடணுமாம். கதை கூடாதாம்.'

எவ்வளவு சட்டதிட்டமா இருந்திருக்கா பாருங்க.

'ஏம்மா தினமும் விரலை நீட்டுனீங்க?'ன்னு கேட்டாவ. அதுக்கு இவ, 'எல்லாரும் கை தட்டுனா அவங்க மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சு இருக்கும் டாக்டர். அந்த நேரம் எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அதுக்குத்தான்'ங்கா. இதெல்லாமா டாக்டர்கிட்டச் சொல்லுவாவ? குடும்ப விஷயம்லா?

அன்னைக்கே திருநெல்வேலி ஆஸ்பத்திரியில சேத்தோம். டாக்டரம்மாவே கார்ல வந்தாவ. பதினோரு நாளு. கால்ல சுண்டு விரலை எடுத்துட்டாவ. ஒரே ஒரு சுண்டு விரலுதான், பாதம் தப்பிச்சுட்டு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா முழங்காலு வரைக்கும்னு சொன்னாவ. வராண்டாவுல நின்னுக்கிட்டு டாக்டரம்மா எங்கிட்ட, 'தப்பு என் பேர்லயும் இருக்கு ஐயா. ரெண்டு வருஷமா படத்தைப் பாத்தேன், ஆளைப் பாக்கல. உங்களுக்கு எழுதுன மாத்திரை எல்லாம் அந்தம்மாவுக்கு எழுதியிருக்கணும்'ன்னு கண்ணைத் தொடச்சாவ. எனக்கும் அழுகை வந்துட்டு அண்ணாச்சி. பொய் சொல்லல. அந்த வராண்டாவுல ஒரு தூணைப் புடிச்சுக்கிட்டு அழுதேன்.

அழுது முடிச்சு போனைத் தெறக்கேன், என்னை குரூப்புல இருந்து எடுத்திருக்கு! 'நிர்வாகக் காரணங்களுக்காக.' ரெண்டு வருஷம் ராப்பகலா உழைச்சவனுக்கு இதுதான் மரியாதை. புது அட்மின் சங்கரபாகம். எறும்பு சங்கரபாகம்! எண்ணு பொய்யில்ல அண்ணாச்சி, அதை யோசிச்சுப் பாருங்க. நான் போட்ட ஒவ்வொரு எண்ணும் சுத்தமான எண்ணு. அன்னன்னைக்கு எடுத்தது. ஆளு மட்டும்தான் வேற.

உலகம்மா எங்கன்னு கேக்கீயளா? தென்காசியில. அவ தங்கச்சி வீட்டுல. ஆஸ்பத்திரியில இருந்து நேரா அங்க போயிட்டா. வண்டி ஏறும்போது எங்கிட்டச் சொன்னா. சத்தமாக்கூட சொல்லல. 'இனிமே என் விரலு எனக்கு. உங்க விரலை நீங்க குத்துங்க. என்ன எண்ணு வருதோ எனக்கு அனுப்புங்க. அன்னைக்கு வாரேன்.' அவ்வளவுதான். முப்பத்தியாறு வருஷத்துல அவ எங்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதான்னு நினைக்கேன்.

பன்னெண்டு நாளாச்சு. வீடு வீடாவா இருக்கு? பாத்தீயள்லா, எச்சித் தட்டு எங்க கெடக்கு, உடுத்துத சாரம் எங்க கெடக்குன்னு. உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு கேக்க ஆளில்ல. நேத்து ரசத்துல சமையல் சோடாவைப் போட்டுட்டேன், பொங்கி அடுப்பை அணைச்சுட்டு. காலையில அஞ்சே முக்காலுக்கு முழிப்பு வந்துருது. எந்திரிச்சு, 'ஏட்டி, கையைக் கொண்டா'ன்னு வாய் வரைக்கும் வந்துருது. அப்புறம் கட்டிலைப் பாக்கேன்.  

லேப்புல ரத்தம் குடுத்து அந்தச் சீட்டை அனுப்பட்டுமான்னு கேட்டேன். கூடாதுங்கா. என் கையால குத்தணுமாம். சரின்னு பால்காரரைக் கூப்புட்டு, ஒரு நிமிஷம் கையைக் குடுங்கன்னு குத்தி, எண்பத்தெட்டு வந்துச்சு, அனுப்புனேன். பாத்த உடனே பதில் வருது: 'பால்காரர் நல்லா இருக்கட்டும்.' எப்படிக் கண்டுபுடிச்சாங்கீய? எனக்கு வெளங்கவே இல்ல.

ஊசிக்குப் பயம் இல்ல அண்ணாச்சி. நான் பாக்காத ஷாக்கா? எண்ணுக்குத்தான் பயம். அந்த இருநூத்தி எண்பத்தாறு பாத்ததோட சரி, அதுக்கப்புறம் என் உடம்புக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. நானூறா, ஐநூறா? மிஷின்ல எம் பேருக்கு என்ன வரும்? நினைச்சாலே வேர்க்கு. ரெண்டு வருஷம் தொண்ணூத்தாறா வாழ்ந்துட்டேன். இப்பப் போய் வேற ஆளா எப்படி ஆக?

அதனாலதான் உங்களை உக்கார வச்சேன். கோவிச்சுக்கிடாதீய. பால்காரர் விஷயத்துல நான் பண்ணுன தப்பு என்னன்னா, எண்ணு ரொம்ப நல்ல எண்ணு. எவ நம்புவா? உங்களுக்குச் சுகர் வந்து மூணு நாளுதான் ஆச்சு. இருநூறு, இருநூத்தி இருபது நிக்கும். அது எனக்கு ஒத்து வரும். அவளும் நம்புவா. கையைக் கொஞ்சம் நீட்டுங்க. எந்த விரலுன்னாலும் சரி. ஒரு பொட்டு போதும். ஒரு வீடு கூடும் அண்ணாச்சி, புண்ணியமாப் போகும்.

ஏன் எந்திரிக்கீய? ஓடுதீயளா? இல்லையா? பொறவு ஏன் எம் பக்கத்துல வந்து உக்காருதீய? விரல் குத்துத அந்த ஊசிப் பேனாவை ஏன் எடுக்கீய? என் கையைப் புடிக்காதீய அண்ணாச்சி. பாத்திரக்கடைக்காரன் பிடின்னா உடும்புப் பிடியால்லா இருக்கு. விடுங்க. சொன்னாக் கேளுங்க. வயசுக்கு மூத்தவன், ஓய்... யம்மா!

குத்தியே போட்டீயளே.

நான் பாக்க மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன். நீங்களே வச்சு நீங்களே பாருங்க. வந்துட்டா? சொல்லாதீய. சரி, சொல்லுங்க. இல்ல, வேண்டாம்... என்னது? நூத்தி அறுபத்து நாலா? நல்லாப் பாருங்க, முன்னால நாலோ அஞ்சோ இல்லையே? நூத்தி அறுபத்து நாலு. அவ்வளவுதானா? மருந்து மாத்திரை எல்லாம் அவ எண்ணுக்கு நான் தின்னதுலா, அது வேலை செஞ்சிருக்கு போல. இது நல்ல மரியாதையான எண்ணுலா அண்ணாச்சி! இதை குரூப்புல போட்டா போஸ்ட்மாஸ்டர் மூஞ்சி எங்க போகும்? இந்த எண்ணுக்கா நான் இத்தனை நாளு ஓடி ஒளிஞ்சேன்?

போட்டோ நீங்களே எடுங்க. விரலும் படத்துல தெரியட்டும். ரத்தத்தோட தெரியட்டும். அனுப்பிட்டீயளா? உலகம்மா நம்பருதானே? குடுங்க போனை.

நீலக்கோடு விழுந்துட்டு. பாத்துட்டா. எழுதுதா... எழுதுதா, நிறுத்துதா. அவ ஒண்ணொண்ணா எழுத்தைத் தேடித்தான் அடிப்பா, நேரமாகும். பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு எழுதுதா போல. நாலு மணி பஸ்ஸுக்கு வந்தான்னா ஆறு மணிக்கு வீட்டுல இருப்பா. வீட்டை வேற பெருக்கணும். அந்த மாதிரி எதாவதுதான் இருக்கும்.

வந்துட்டு.

நீங்க படிங்க அண்ணாச்சி, எனக்குக் கண்ணு கொஞ்சம் மறைக்கி. என்ன போட்டிருக்கா? பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் இல்லையா? ஒரே ஒரு வார்த்தையா?

'வலிச்சுதா?'

வலிச்சுதான்னு கேக்கா.

இதுக்கு நான் என்ன போட? நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. ஆமான்னு போடவா, இல்லைன்னு போடவா?